எந்த வசனம், எந்த ஹதீஸ் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநாளுக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் 'ஒரே குர்ஆன், எதற்கு இரண்டு பெருநாள்?' என்று, நோன்புப் பெருநாளை முஸ்லிம்களில் சிலர் ஒரு நாளும் சிலர் வேறொரு நாளும் கொண்டாடுவதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். ஆனால் இரண்டாவது வரியிலேயே "பிறையைப் பார்த்து நோன்பு வையுங்கள், பிறையைப் பார்த்து நோன்பை விடுங்கள் என்று குர்ஆன் கூறுகிறது" என்று போட்டிருந்தீர்கள். அந்த வாசகம் குர்ஆனில் இல்லை. அது நபிமொழி, அதாவது ஹதீஸ்; புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. இது பற்றிக் குர்ஆனில் இருப்பது இரண்டாம் அத்தியாயத்தின் 185ஆம் வசனம். உங்களில் யார் அந்த மாதத்தை அடைகிறாரோ அவர் நோன்பு நோற்கட்டும் என்கிறது. பிறையை எப்படிப் பார்ப்பது, மேகம் மூடினால் என்ன செய்வது, அடுத்த ஊரில் பார்த்தால் நமக்குச் செல்லுமா, இதெல்லாம் அதில் கிடையாது.

எல்லாம் மார்க்கம்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று செய்தி எழுதியவர் நினைத்திருக்கலாம். நீங்கள் தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எங்கள் ஊர். ஜமாஅத்தில் செயலாளராக இருந்தேன். அந்த வகையில் பிறை விவகாரம் கொஞ்சம் அத்துப்படி. ரமலான் 29 அன்று மக்ரிபுக்கு (பொழுது சாய்ந்ததும் தொழும் தொழுகைக்கு) அப்புறம் ஜமாஅத் அலுவலகத்தில் போன் ஓயாது. கறிக்கடைக்காரர் கேட்பார், தையல்காரர் கேட்பார், சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று ராத்திரியே பஸ் ஏறவா என்று கேட்பார்கள். போதாததற்கு வளைகுடாவில் இருப்பவர்கள் முன்கூட்டியே பெருநாள் வாழ்த்து அனுப்பிக் குழப்பத்தைக் கூட்டுவார்கள். எங்களுக்குக் கடல் கிழக்கே. தலைப்பிறை தெரிவது மேற்கே, சூரியன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், கருவேலங்காட்டுக்கும் பனைமரங்களுக்கும் மேலே. கடலோர ஊர் என்று பெயர்தான், பிறை பார்க்க வாகான இடம் கிடையாது. ஊருணிக் கரையிலும் பள்ளிவாசல் மொட்டைமாடியிலும் நின்று கழுத்து வலிக்கப் பார்ப்போம். பாதி வருஷம் மேகம்தான் தெரியும்.

ஒரு வருஷம் பள்ளிக்கூடம் முடித்த வயதில் ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கி, "நான் பார்த்தேன்" என்றான். பின்னாலேயே நாலு பேர். இமாம் ஹஜ்ரத் அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் கேட்க ஆரம்பித்தார். எங்கே நின்று பார்த்தாய்? சூரியன் விழுந்து எவ்வளவு நேரம் கழித்து? விழுந்த இடத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? எவ்வளவு உயரத்தில், கையை நீட்டிக் காட்டு. கொம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது? "கீழே பார்த்து" என்றான் பையன். ஹஜ்ரத் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தலைப்பிறையின் வளைவுதான் சூரியன் போன பக்கம், அதாவது கீழே இருக்கும். கொம்பு மேலே பார்க்கும். பையன் பார்த்தது ஏதோ மேகக் கீற்று. கூட வந்த நாலு பேரையும் விசாரித்தால், ஒருவரும் பார்க்கவில்லை. அவன் சொன்னதைக் கேட்டவர்கள். பையன் பொய் சொன்னான் என்று யாரும் பேசவில்லை. சாட்சி நிலைக்கவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டு, எல்லோரும் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) தொழப் போனோம்.

இப்படி விசாரிக்கும் பழக்கம் எங்கள் ஹஜ்ரத் கண்டுபிடித்ததில்லை. மதீனாவுக்கு ஒரு கிராமத்து அரபி வந்து பிறை பார்த்தேன் என்று சொன்னபோது, நபிகள் நாயகம் அவர் நம்பிக்கையாளர்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான், மறுநாள் நோன்பு என்று பிலாலை அறிவிக்கச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி அது. ரமலான் தொடங்க நம்பகமான ஒரு சாட்சி போதும், பெருநாளுக்கு இரண்டு வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) சட்டம். இன்னொரு மத்ஹபான ஹனஃபியில் வானம் மூடியிருந்தால் இதே கணக்குதான். வானம் தெளிவாக இருந்தால் ஒன்றிரண்டு பேர் போதாது, கூட்டமாகப் பலர் பார்த்திருக்க வேண்டும். வானம் நிர்மலமாக இருக்கும்போது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்கிற நியாயம்.

ஹதீஸ் கலையும் கிட்டத்தட்ட இந்த விசாரணைதான். இன்னார் சொன்னதை இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் என்று ஒரு சங்கிலி ஒவ்வொரு நபிமொழிக்கும் உண்டு. நடுவில் இருப்பவர் நம்பகமானவரா, ஞாபகசக்தி எப்படி, மேலே உள்ளவரை நேரில் சந்தித்திருக்க முடியுமா என்று ஒவ்வொரு கண்ணியையும் உரசிப் பார்த்திருக்கிறார்கள். 870இல் இறந்த இமாம் புகாரியும் 875இல் இறந்த இமாம் முஸ்லிமும் தொகுத்த இரண்டு நூல்களுக்குத்தான் சுன்னி முஸ்லிம்களிடம் முதல் மரியாதை. அபூதாவூத், திர்மிதி, நஸயீ, இப்னுமாஜா நான்கும் அடுத்து வரும். அவற்றில் ஆதாரப்பூர்வமானதும் இருக்கும், பலவீனமானதும் இருக்கும். இந்த ஆறுக்கும் வெளியே, வெறும் இட்டுக்கட்டு என்று ஒதுக்கப்பட்டவற்றுக்கும் கணக்கில்லை.

குர்ஆன் அப்படிக் கிடையாது. 114 அத்தியாயங்கள். சுமார் 23 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது; மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில் ஒரே பிரதியாக நிலைநிறுத்தப்பட்டது. அதன் எழுத்தில் எங்கள் ஊர் இரண்டு பள்ளிவாசல்களுக்கும் இடையில் ஒரு சச்சரவும் கிடையாது. ஆனால் அதில் சட்டம் பேசும் வசனங்கள் ஏறக்குறைய ஐந்நூறுதான் என்று இமாம் கஸ்ஸாலி சொல்லியிருக்கிறார். தொழு என்று பலமுறை சொல்லும் குர்ஆன், விடியல் தொழுகையான சுபுஹுக்கு இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று), மதியத் தொழுகையான லுஹருக்கு நான்கு என்று எங்கும் சொல்லவில்லை. ஜகாத் (கட்டாய தர்மம்) கொடு என்கிறது. வெள்ளிக்கு நாற்பதில் ஒரு பங்கு என்ற கணக்கு ஹதீஸில் வருகிறது. எங்கள் ஊர் தவ்ஹீத்காரர்கள் மத்ஹபு வேண்டாம், குர்ஆனும் ஹதீஸும் போதும் என்பார்கள். ஹதீஸே வேண்டாம் என்று அவர்களும் சொல்வதில்லை.

சரி, இனி இரண்டு பெருநாள் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸஹீஹ் முஸ்லிமில் குரைப் என்பவரின் அனுபவம் ஒன்று இருக்கிறது. உம்முல் ஃபள்ல் என்ற அம்மையார் ஒரு வேலையாக அவரை மதீனாவிலிருந்து சிரியாவுக்கு, அங்கிருந்து ஆட்சி செய்த முஆவியாவிடம் அனுப்புகிறார். அங்கே இருக்கும்போது ரமலான் பிறை தென்படுகிறது, வெள்ளி இரவு. (எங்கள் வழக்கில் வெள்ளி இரவு என்றால் வியாழன் பொழுது சாய்ந்த பிறகு வருவது, பத்திரிகையில் தேதி போடுகிறவர்கள் இதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டால் நல்லது.) மாதக் கடைசியில் குரைப் மதீனா திரும்புகிறார். அம்மையாரின் மகனும் நபித்தோழருமான இப்னு அப்பாஸ் விசாரிக்கிறார்: அங்கே பிறை எப்போது பார்த்தீர்கள்? வெள்ளி இரவு. நீயே பார்த்தாயா? பார்த்தேன், மக்களும் பார்த்தார்கள், முஆவியாவும் நோன்பு வைத்தார். இப்னு அப்பாஸ் சொல்கிறார்: நாங்கள் பார்த்தது சனி இரவு, முப்பது முடியும் வரை, அல்லது பிறையைப் பார்க்கும் வரை நாங்கள் நோன்பு வைப்போம். முஆவியா பார்த்தது உங்களுக்குப் போதாதா என்று குரைப் கேட்கிறார். போதாது, இப்படித்தான் அல்லாஹ்வின் தூதர் எங்களுக்குக் கட்டளையிட்டார்கள் என்று பதில் வருகிறது.

நபிகளாரை நேரில் கண்டவர்கள் வாழ்ந்த காலத்திலேயே டமாஸ்கஸில் ஒரு நாளும் மதீனாவில் ஒரு நாளுமாக ரமலான் பிறந்திருக்கிறது. ஆட்சி ஒன்றுதான், குர்ஆனும் ஒன்றுதான். இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். அதற்காக அந்த ஊர்க்காரர்கள் இந்த ஊர்க்காரர்களை மார்க்கம் தெரியாதவர்கள் என்று சொன்னதாகச் செய்தி இல்லை.

இந்த ஒரு செய்தியை வைத்துத்தான் பின்னால் வந்த இமாம்கள் பிரிந்தார்கள். பிறை தெரியும் நேரமே வேறுபடும் அளவு தூரத்தில் பார்த்த பிறை நமக்குச் செல்லாது என்பது ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை, கேரளம், இலங்கை எல்லாம் பெரும்பாலும் இந்த மத்ஹபுதான். உலகத்தில் எங்கே பார்த்தாலும் எல்லோருக்கும் கடமை என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து. அவர்களிடம் குரைப் செய்தியைக் காட்டினால், இப்னு அப்பாஸ் சொன்னது அவருடைய விளக்கம், 'பார்த்து நோன்பு வையுங்கள்' என்ற நபிமொழியோ எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது என்பார்கள். இரண்டு தரப்பிலும் இருப்பது அதே நபிமொழிகள்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்னொன்று கேட்கிறார்கள். என் பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். "தொழுகை நேரத்துக்கு யாரும் நிழலை அளக்கப் போவதில்லை, சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்க்கிறோம், பிறைக்கு மட்டும் ஏன் கணக்குக் கூடாது?" என்று ஹஜ்ரத்திடமே கேட்டுவிட்டான். ஹஜ்ரத் கோபிக்கவில்லை. இந்தக் கேள்விக்கு வயது எழுநூறுக்கு மேல் என்றார். 1285இல் இறந்த சட்ட அறிஞர் அல்கராஃபி இதற்குப் பதில் எழுதியிருக்கிறாராம்: தொழுகை கடமையாவது நேரம் வந்ததால், அந்த நேரத்தை எப்படித் தெரிந்துகொண்டாலும் சரி, நோன்பு கடமையாவது பிறையைப் பார்த்ததால், வானத்தில் அது இருந்தால் மட்டும் போதாது. ஆகவே ஒன்றை வைத்து மற்றதை ஒப்பிட முடியாது. இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு கியாஸ் என்று பெயர். குர்ஆன், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த முடிவு, அதற்கு அடுத்து நான்காவதாக அது வரும். இங்கே கியாஸ் செல்லாது என்பது அல்கராஃபியின் வாதம். ஹஜ்ரத் அதோடு நிறுத்தவில்லை. 1939இல் எகிப்து அறிஞர் அஹ்மத் ஷாகிர் இதற்கு நேர்மாறாக எழுதினார் என்பதையும் சொன்னார். "நாம் எழுதவும் கணக்கிடவும் தெரியாத சமுதாயம்" என்று நபிகளார் சொன்னதால்தான் கண்ணால் பார்க்கும் ஏற்பாடு வந்தது, அந்தக் காரணம் நீங்கிவிட்ட பிறகு கணக்கைப் பின்பற்றலாம் என்பது அவர் வாதம். துருக்கி அரசு கணக்கைத்தான் பின்பற்றுகிறது. பேரனுக்கு எது சரியாகப் பட்டது என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஹஜ்ரத் இரண்டையும் சொன்னது பிடித்திருந்தது.

ஒரே தலைமை இருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று உங்கள் செய்தியின் கடைசி வரி கேட்டது. சுன்னிகளிடம் போப்பாண்டவர் மாதிரி ஒருவர் கிடையாது. ஷியாக்களிடம் மூத்த அறிஞர் ஒருவரைப் பின்பற்றுவது கட்டாயம் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கேயாவது தீர்ந்ததா? ஈராக்கின் நஜஃபில் உள்ள மூத்த ஷியா அறிஞர் சிஸ்தானியின் தீர்ப்பு பிறையை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. ஈரானின் காமெனி தொலைநோக்கியில் பார்த்தாலும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னவர். அங்கேயும் சில வருஷம் இரண்டு பெருநாள்தான்.

நம் மாநிலத் தலைமை காஜியின் (அரசு நியமிக்கும் மார்க்க அதிகாரி) அறிவிப்பைத்தான் பெரும்பாலான ஜமாஅத்துகள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அது எங்களுக்கு வசதி, ஒழுங்கு. ஆனால் 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே, காஜிக்கு இந்தச் சட்டத்தால் நீதிமன்ற அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வந்துவிடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தலாக் (மணவிலக்கு) குறித்துக் காஜிகள் கொடுக்கும் சான்றிதழ் அவர்களுடைய அபிப்பிராயம் மட்டுமே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். பதர் சயீத் தொடுத்த வழக்கு அது, உங்கள் பத்திரிகைக்கு நினைவிருக்கும்.

அடுத்து, ஃபத்வா, அதாவது மார்க்கக் கேள்விக்கு அறிஞர் எழுதித் தரும் பதில். 'மதகுரு ஃபத்வா பிறப்பித்தார்' என்று எழுதுகிறீர்கள், கலெக்டர் 144 போட்ட மாதிரி. நான் பார்த்த ஃபத்வாக்கள் இப்படி இருக்காது. எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தில் சொத்துப் பங்கு பிரிக்கும்போது சந்தேகம் வந்தது. இறந்தவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள், ஒரு சகோதரன். வேலூர் பாக்கியாத் மதரஸாவுக்கு எழுதிக் கேட்டோம். ஒரு தாளில் மேல்பாதியில் எங்கள் கேள்வி, கீழே பதில்: கடனும் வசிய்யத்தும் (உயிலும்) போக மீதியில் மகள்களுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு, மீதி சகோதரனுக்கு, அதற்கான ஆதாரம், அப்புறம் 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்' என்ற வரி, கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான். மூன்றில் இரண்டு என்பது குர்ஆனிலேயே இருக்கிறது, நான்காம் அத்தியாயம் 11ஆம் வசனம். மீதி சகோதரனுக்கு என்பது ஹதீஸ் வழியாக வருவது. சகோதரன் அந்தத் தாளைப் படித்துவிட்டு, என் பங்கையும் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஃபத்வா கொடுத்தவர்கள் யாரும் வந்து ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று கேட்கவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

ஃபத்வாவுக்குச் சட்ட அந்தஸ்து கிடையாது, அதை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பத்திரிகைக்காரர்கள் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 2005இல் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி வந்த ஃபத்வா நாடு முழுக்கப் பேசப்பட்டதல்லவா? அதைக் கேட்டு வாங்கியது பாதிக்கப்பட்ட அந்தப் பெண் இல்லை, ஒரு பத்திரிகையாளர் என்று நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருக்கிறது. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் கேட்டால், அடுத்தவர் உரிமையில் கை வைக்கும் ஃபத்வா கொடுக்க வேண்டாம் என்றும் யோசனை சொன்னது. ஃபத்வா கொடுக்கிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

நம்மாட்களையும் விட்டுவிட முடியாது. மீலாது (நபிகளார் பிறந்தநாள்) மேடையில் 'சீனா சென்றேனும் கல்வி தேடு' என்று நபிகள் நாயகம் சொன்னதாக முழங்காத பேச்சாளர் குறைவு. மறுநாள் உங்கள் மாவட்டப் பக்கத்தில் அது 'குர்ஆன் கூறுகிறது' என்றே வந்துவிடும். 1201இல் இறந்த அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார். பலவீனமானது என்ற அளவில் நிறுத்தியவர்களும் உண்டு. மே தினத்தில் தொழிற்சங்கத் தோழர்கள் சொல்லும் 'வியர்வை உலரும் முன் கூலி கொடு' என்பது இப்னுமாஜாவில் இருக்கும் ஹதீஸ். அதையும் குர்ஆன் வசனம் என்றுதான் போட்டீர்கள். இது நல்ல கருத்துதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னார். நல்ல கருத்துக்கு ஆதாரம் பார்க்க வேண்டாம் என்று ஆரம்பித்தால், நாளைக்குக் கெட்ட கருத்து ஒன்றைக் குர்ஆனின் தலையில் யாராவது கட்டும்போது எதை வைத்து மறுப்பது?

ஹஜ்ரத்மார்கள் அடிக்கடி சொல்லும் முஆத் செய்தியையே பாருங்கள். நபித்தோழர் முஆதை யமனுக்கு அனுப்பும்போது, எதை வைத்துத் தீர்ப்பளிப்பாய் என்று நபிகளார் கேட்க, குர்ஆனை வைத்து, அதில் கிடைக்காவிட்டால் உங்கள் வழிமுறையை வைத்து, அதிலும் கிடைக்காவிட்டால் என் அறிவைக் கொண்டு முயல்வேன் என்று முஆத் சொன்னதாக வரும். ஆதாரங்களின் வரிசைக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதைப் பதிவுசெய்த திர்மிதியே, அதன் தொடர் அறுபடாமல் வரவில்லை என்று பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். தனக்குப் பிடித்த செய்தியிலும் ஓட்டையை மறைக்காத அந்தக் குறிப்பு எனக்கு எப்போதும் வியப்புத்தான். திருத்தம் போடக் கூச்சப்படும் எந்தப் பத்திரிகைக்கும் அதைப் படிக்கக் கொடுக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 'குர்ஆன் கூறுகிறது' என்று எழுதினால் அத்தியாய எண்ணும் வசன எண்ணும் போடுங்கள். அவை கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஹதீஸ் என்றால் எந்த நூல் என்று சொல்லுங்கள். ஃபத்வா என்றால் கேட்டவர் யார், கொடுத்தவர் யார், என்ன கேள்விக்கு என்று சேர்த்துப் போடுங்கள். பாதிக்கப்பட்டவர் பெயர் மட்டும் வேண்டாம். பெருநாள் செய்தியில் 'முஸ்லிம்களுக்கு நாளை பெருநாள்' என்பதற்குப் பதில் 'தலைமை காஜி அறிவிப்பு' என்றும், வேறு நாளில் கொண்டாடுகிறவர்கள் இருந்தால் அவர்கள் எந்தக் கணக்கில் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு வரியும் போடுங்கள். அந்த ஒரு வரிக்கு இடமில்லை என்றால் என் கடிதத்திலிருந்து இரண்டு பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் அதிகம் என்று எனக்கே தெரிகிறது.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் ஊரில் இரண்டு பள்ளிவாசலிலும் நான் தொழுகிறேன்.

இப்படிக்கு,
ஜமாஅத் முன்னாள் செயலாளர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்